எண்ணூறு மெகா ஹெர்ட்ஸும் என் மச்சானும்

வில்லியனூர் கொம்யூன்,
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு ஆன பிறகு.

அன்பும் அறிவும் நிறைந்த, தலையில் முடி மட்டும் குறைந்துவரும் மச்சான் அருண் சேவியருக்கு,

மாமன் மரியசுந்தரம் எழுதிக்கொள்வது. சூசையப்பர் புண்ணியத்தில் நானும், உன் அக்கா ஜெயசீலியும், மைக் செட் சாமான்கள் அத்தனையும் இங்கே சுகம். பெங்களூரில் நீயும் உன் குடும்பமும் சுகமாக இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வாழ ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். உன் அக்கா உன்னை விசாரித்தாள். நீ இளைத்துவிட்டதாகச் சொல்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்துபோனபோது நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கால் விரிந்துபோனது அவளுக்கு மறந்துவிட்டது.

போனில் சொல்லவேண்டிய சமாச்சாரத்தை இந்த மனுஷன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய். காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆகவேண்டும். போன சனிக்கிழமை நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மாமா, லேப்டாப்புல இன்னா கோளாறுன்னு உங்களுக்குப் புரியாது. நீங்க கைய வெக்காதீங்க. தேருக்கு நான் வந்து பாத்துக்கறேன்." நீ நல்ல மனசோடு சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிஃபயருக்குள் வெறுங்கையை விட்டு வேலை செய்கிறவனிடம் கையை வைக்காதே என்று சொல்லிவிட்டாய். அன்றைக்கே முடிவு கட்டினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்த இந்தக் கையாலேயே உன் லேப்டாப்பின் நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று. கண்டுபிடித்தும் விட்டேன். எப்படி என்று சொல்லுகிறேன், உட்கார்ந்து படி. பார்த்து, நல்ல நாற்காலியாக.

போன வெள்ளிக்கிழமை சூசையப்பர் கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று என்ன ஆயிற்று என்பதை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். நீ கொடுத்த லேப்டாப்பில்தான் பாட்டு ஓடுகிறது. அதிலேயேதான் பாட்டின் வரிகளும், பின்னால் அலையும் மேகமும் புறாவுமாகப் படமும், பெரிய திரையில் வரவேண்டும். முதல் பாட்டைப் போட்டேன். சத்தம் நன்றாக வந்தது. எழுத்து மட்டும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பின புது மாப்பிள்ளை மாதிரி ஆற அமர வந்தது. புறா நடுவானத்தில் நின்றுவிட்டது. ஜனங்கள் இரண்டாம் சரணத்தைக் காதால் கேட்டுக்கொண்டே முதல் சரணத்தைக் கண்ணால் பார்த்துப் பாடினார்கள். மனப்பாடம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், படித்துப் பாடுகிறவர்கள் ஒரு பக்கம் என்று ஒரே கோயிலுக்குள் இரண்டு திருவிழா நடந்தது. கடைசியில் பாட்டு முடிந்து பங்குச் சாமியார் செபத்தை ஆரம்பித்த பிறகு திரையில் 'அல்லேலூயா' தனியாக வந்து நின்றது.

பங்குப் பேரவைச் செயலாளர் சகாய சுரேஷை உனக்குத் தெரியுமே, சட்டைப் பையில் மூன்று பேனா வைத்து ஒன்றில்கூட மை வைக்காதவர். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. புதன்கிழமை சாயந்திரம் ஒரு ஒத்திகை பாத்துருவோம். அன்னிக்கும் இது இப்படி இஸ்துகினு கிடந்துச்சுன்னா தேருக்கு உலகநாதன் செட்டத்தான் கூப்புடணும்."

உலகநாதன் என்றால் திருபுவனையில் புதிதாக ஆடியோ செட் போட்டிருக்கிறாரே, அவர். அவருடைய திரை நம் கோயில் கதவை விடப் பெரிது. மச்சான், இருபத்திரண்டு வருஷமாகச் சூசையப்பர் தேருக்கு முன்னால் என் ஸ்பீக்கர் பாக்ஸ் தவிர வேறு பாக்ஸ் போனதில்லை. கல்யாணமான வருஷம்கூட, மாலையைக் கழற்றி உன் அக்கா கையில் கொடுத்துவிட்டு டிராக்டரில் ஏறினவன் நான். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அந்தத் தேருக்கு முன்னால் வேறொருத்தர் பெயர் எழுதின பாக்ஸ் போவதை நான் ஓரமாக நின்று பார்க்கவேண்டுமா? அதைவிட நான் பாண்டிக்குப் போய் பலூன் விற்கலாம்.

அப்புறம் ஊரே டாக்டர் ஆனது. சகாய சுரேஷ் வைரஸ் என்றார். சொல்லிவிட்டு லேப்டாப்பை விட்டு இரண்டு அடி தள்ளியே நின்றார். உன் அக்கா இது சூடு என்றாள். சூடு என்றால் குளிர வைக்கவேண்டும் என்று, மீன் வைத்திருந்த ஐஸ் பெட்டியின் மூடியைக் கழுவிக் கவிழ்த்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்து, எதிரில் டேபிள் ஃபேனையும் போட்டாள். எவ்வளவு கழுவினாலும் சங்கரா மீன் சங்கரா மீன்தானே. அரை மணி நேரத்தில் தெருவில் இருக்கிற பூனை அத்தனையும் வந்து லேப்டாப்பைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்துகொண்டன. தொட்டுப் பார்த்தேன், காலைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. எழுத்து மட்டும் அதே ஆமை நடை. சூடு இல்லை என்று அன்றைக்கு ஒன்று தீர்ந்தது.

பிறகுதான் லேப்டாப் பைக்குள் நீ எழுதி வைத்திருந்த அந்தச் சீட்டு கிடைத்தது. உன் கையெழுத்தைப் படிக்கவே ஒரு நாள் போனது, அது வேறு கதை. கறுப்புத் திரையைத் திறந்து இந்த வரியை அடித்தால், உள்ளே இருக்கிற பிராசசர் எத்தனை மெகா ஹெர்ட்ஸில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் வேலை இல்லாமல் தூங்குகிறது, எத்தனை வாட்ஸ் தின்னுகிறது என்று எண்ணெண்ணாக வரும் என்று எழுதியிருந்தாய். ஆங்கில எழுத்தை பாக்ஸ் மேல் எல், ஆர் என்று எழுதுகிற அளவுக்கு எனக்குத் தெரியும். மீதியைச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஒற்றை விரலால் குத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பட்டன் செத்துவிட்டது என்று இன்னும் அழுத்தி அடித்தேன். வரவில்லை. எல்லாப் பட்டனையும் ஒரு சுற்று தட்டிப் பார்த்தேன். தப்பு என்று சொல்லிவிட்டது. அடிக்கிற பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும் என்று அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதினால் உன் பேனா தேய்ந்துவிடுமா? பதினோராவது தடவை, தெரிந்தால் தெரிகிறது, தெரியாவிட்டால் போகிறது என்று அடித்து முடித்து எண்டரைத் தட்டினேன். மடமடவென்று எண்கள் கொட்டின பார், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் சங்கரா வாடையும் காரணம்.

நீ எனக்குப் புரியாது என்றாயே, மெகா ஹெர்ட்ஸ் என்ன என்று எனக்கா தெரியாது? கார்ட்லெஸ் மைக் அறுநூறு சொச்சம் மெகா ஹெர்ட்ஸில்தானே பேசுகிறது. வாட்ஸ் என்றால் என் சோறு. ஆகவே எனக்குப் புரியாதது தூக்கம் ஒன்றுதான், அதையும் இரண்டு நாள் பார்த்தே பிடித்துவிட்டேன். பிராசசருக்குள்ளே நாலு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். வேலை இல்லாத நேரத்தில் தூங்கலாம், கூலிக்காரனுக்குக் கிடைக்காத சலுகை. தூக்கத்திலும் தினுசு இருக்கிறது. ஒன்று, உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொள்வது, கூப்பிட்ட உடனே எழுந்துவிடுவார்கள். இன்னொன்று, பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்துவிடுவது. எழுப்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் படுத்திருக்கிற வரைக்கும் கரண்ட் தின்ன மாட்டார்கள். நானும் ஒரு நோட்டு வாங்கி, மணி, ஹெர்ட்ஸ், தூக்கம், வாட்ஸ் என்று கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். உன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "யார் வூட்டுக் கோழி எத்தினி முட்டை போடுதுன்னு எழுதுறியா?" என்றாள். "உன் தம்பி வூட்டுக் கோழிதான், ஒண்ணும் போடல" என்றேன்.

நடுவில் ஒரு கூத்து. திங்கட்கிழமை நவநாள் செபத்துக்கு, பாட்டு ஓடும்போதே எண்ணையும் பார்த்துவிடலாம் என்று கறுப்புத் திரையைத் திறந்து வைத்திருந்தேன். என் கண்ணுக்குத் தெரிகிறது பெரிய திரையிலும் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு, எண்ணூறு, எண்ணூறு, எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது, எண்ணூறு. கோயிலில் எண் வந்தால் நம் ஜனத்துக்கு என்ன அர்த்தம்? பாட்டு நம்பர்! எல்லோரும் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்கள். பாடகர் குழு ஏஞ்சல் மேரி புத்தகத்தைக் கடைசி அட்டை வரைக்கும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அண்ணே! எண்ணூறாம் பாட்டு எங்க கீது? புத்தகமே அறுநூத்தி பன்னெண்டுல முடிஞ்சி போவுதே!"

"பாடாத தாயி, அது பாட்டு இல்ல!"

"பின்ன இன்னாத்துக்குப் போட்டீங்க?"

அதற்குள் முன் வரிசையில் யாரோ தமக்குத் தெரிந்த பாட்டை எடுத்துவிட, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு பாடி முடித்தார்கள். சாமியார் ரொம்ப நல்லவர். பூசை முடிந்து என்னிடம், "சுந்தரம், புதுப் புத்தகம் வந்திருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அந்தக் கூத்தில்தான் விஷயம் பிடிபட்டது. அதுவரைக்கும் உன் பிராசசர் சோம்பேறி, வாங்கிக் கொடுத்தவனைப் போலவே என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால், பாட்டும் படமும் ஓடுகிற நேரத்தில் தூக்கம் பூஜ்யம். நாலு பேரும் ஒரு விநாடி கண்ணை மூடவில்லை. அத்தனை பேரும் மாடாக உழைக்கிறார்கள், ஆனாலும் எண்ணூறுக்கு மேல் நடை இல்லை, நாலு வாட்ஸுக்கு மேல் தீனி இல்லை. உன் சீட்டிலோ இரண்டாயிரத்து அறுநூறு வரைக்கும் போகும் என்று இருக்கிறது. சோம்பேறி என்றால் தூங்குவான். இவர்கள் தூங்கவில்லை. அப்படியென்றால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறான். அவனைத்தான் பிடிக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவன் தானாக மாட்டினான். கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் விசிறியை எடுக்கப் போய், திரும்பிப் பார்த்தால் இரண்டாயிரத்து அறுநூறு! பதினாலு வாட்ஸ்! புறா பறக்கிறது மச்சான், மேகம் ஓடுகிறது, எழுத்து பாட்டோடு கைகோத்துக்கொண்டு வருகிறது. நான் போட்ட கூச்சலில் உன் அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். அவள் வந்ததும் கரண்டும் வந்தது, எண் மறுபடி எண்ணூறு. சந்தேகமே இருக்கக்கூடாது என்று மெயின் சுவிட்சை அணைத்தேன். இரண்டாயிரத்து அறுநூறு. போட்டேன். எண்ணூறு. அணைத்தேன்.

"யோவ், இன்னா பண்ற? மிக்ஸில தேங்கா பாதி அரைஞ்சி நிக்குது!"

"ரெண்டே நிமிஷம்டி. எண்ணூறா, ரெண்டாயிரத்து அறுநூறான்னு பாக்கறேன்."

"அத பாக்க வூட்டையே இருட்டாக்குவியா? அந்த ஒரு பிளக்க புடுங்கினா போதாதா?"

இதைச் சொல்ல, நான் இரண்டு தடவை மெயினை அணைக்கிற வரைக்கும் அவள் காத்திருந்திருக்கிறாள். உங்கள் குடும்பத்து அறிவு எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் போலிருக்கிறது.

ஆக, சார்ஜர் மாட்டினால் மெதுவு, கழற்றினால் வேகம். பேட்டரியும் தொண்ணூற்று நாலிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கினதே தவிர, சார்ஜர் மாட்டியும் ஒரு புள்ளி ஏறவில்லை. பிளக்கிலிருந்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு டேப் சுற்றின முண்டு கையில் தட்டுப்பட்டது. மச்சான், இந்த இடத்தை நீ வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடு. அந்த முண்டைப் போட்டவன் நான்தான். கொடியேற்றத்தன்று காலையில் சார்ஜர் ஒயர் மேடைக்கு எட்டவில்லை. ஒயர் எட்டவில்லை என்றால் மைக் செட்காரன் என்ன செய்வான்? வெட்டுவான், ஆறு முழம் ஸ்பீக்கர் ஒயரைச் சேர்ப்பான், டேப்பைச் சுற்றுவான், அடுத்த வேலையைப் பார்ப்பான். வெட்டினபோது உள்ளே மூன்று ஒயர் இருந்தது. ஸ்பீக்கர் ஒயரில் இரண்டுதானே. பெரியது இரண்டையும் பிளஸ் மைனஸ் பார்த்துச் சேர்த்துவிட்டு, தலைமுடி மாதிரி இருந்த மூன்றாவதை, தொலையட்டும் என்று சுருட்டி ஒட்டிவிட்டேன். வில்லியனூரில் லேப்டாப் ரிப்பேர் செய்கிற தமிழ்க்குமரனுக்குப் போன் போட்டு, யாரோ ஒரு முட்டாள் இப்படிச் செய்துவிட்டான் என்று கேட்டேன்.

"அந்தச் சின்ன ஒயர்லதான் சார்ஜர் தன் பேரச் சொல்லும்ணே" என்றான். "பேர் தெரியாத ஆள் குடுத்தா லேப்டாப்பு பயந்துக்கினு மெதுவாத்தான் நடக்கும், பேட்டரியும் ஏத்தாது. அந்த முட்டாள் உங்க வூட்டாண்டதான் இருக்காரா?"

"பக்கத்துலதான்" என்றேன்.

சால்டரிங்கை எடுத்தேன். ஸ்பீக்கர் ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெட்டின இரண்டு முனையிலும் இருக்கிற மூன்று ஒயரையும் அதனதன் ஜோடியோடு நேராகப் பற்றவைத்தேன். கோயிலில் ஒயர் எட்டாததற்கு மேஜையைத்தான் நகர்த்தினேன், அதை முதலிலேயே செய்திருக்கலாம். மாட்டினேன். இரண்டாயிரத்து அறுநூறு. வேலை சீக்கிரம் முடிந்துவிடுவதால் நாலு பேரும் நடுநடுவே பாயை விரித்துப் படுத்துவிடுகிறார்கள், எழுபது சதம் தூக்கம். நேற்று ஒத்திகையில் ஏழு பாட்டும் வரி பிசகாமல் ஓடின. சகாய சுரேஷ் மூன்று பேனாவையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எப்படிண்ணே?" என்றார். "பிராசசர் இப்ப நல்லா தூங்குது, அதான் வேலை சுளுவா நடக்குது" என்றேன். "தூங்கினா எப்படிண்ணே வேலை நடக்கும்?" "ஏன், பங்குப் பேரவை நடக்கலையா?" சாமியாரே சிரித்துவிட்டார். தேருக்கு என் செட்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்.

ஆகையால் மச்சானுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லிக்கொள்வது: ஞாயிற்றுக்கிழமை தேருக்கு நீ விருந்தாளியாக வா. நல்ல சட்டை போடு, தேருக்குக் குடை பிடி, உன் அக்கா வைக்கிற வஞ்சிரக் குழம்பை ஒரு கை பார். ஆனால் லேப்டாப்பை மட்டும் நீ தொடக்கூடாது. பட்டனில் விரல் பட்டால் மச்சான் என்று பார்க்க மாட்டேன், மைக்கில் உன் பெயரைச் சொல்லி அறிவித்துவிடுவேன். ஹெர்ட்ஸ் என்ன, தூக்கம் என்ன, வாட்ஸ் என்ன, எல்லாம் இனி என் கைக்குள். சூசையப்பர் உன் வேலையையும், உன் வீட்டையும், மிச்சமிருக்கிற முடியையும் காப்பாற்றுவாராக. உன் பெண்டாட்டிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
யார் உதவியும் தேவைப்படாத உன் மாமன்,
அ. மரியசுந்தரம்,
மைக் செட், லைட் செட், பெரிய திரை.

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்து மடித்து வைத்துவிட்டேன். நாலு மணிக்கு சகாய சுரேஷ் வந்து, முன்பக்கம் தண்ணீர் தேங்கியிருப்பதால் தேர் பின்வாசல் வழியாகக் கிளம்பும், திரையையும் அந்தப் பக்கம் மாற்றவேண்டும் என்றார். மாற்றினேன். மேஜை போட இடம் இல்லை. ஒயர் எட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், அதற்குள் கை ஒயரை வெட்டிவிட்டது. இந்தத் தடவை மூன்று ஒயரையும் ஒன்றுவிடாமல் சேர்த்தேன், எதை எதோடு சேர்த்தேன் என்பதில்தான் கொஞ்சம் கருத்து வேறுபாடு. சார்ஜரிலிருந்து ஒரு சின்னப் புகை வந்தது, சாம்பிராணி அளவுகூட இல்லை. இப்போது அதில் உயிர் இல்லை. காலையிலிருந்து சார்ஜர் மாட்டாமலே ஓட்டினதில் பேட்டரி முப்பத்தொன்றில் நிற்கிறது, நல்லவேளையாக லேப்டாப்பை உடனே அணைத்துவிட்டேன். தமிழ்க்குமரனிடம் இந்த மாதிரி சார்ஜர் இல்லையாம், பெங்களூரில் கிடைக்குமாம். போன் செய்தால் நீ சிரிப்பாய், அதனால் இந்தப் பக்கங்களை உன் அக்கா போட்டோ எடுத்து அனுப்புகிறாள். நாளைக்கே பஸ் ஏறு. சார்ஜரை நீயே கொண்டு வா, நீயே மாட்டு, எண்ணை நீயே பார். யாராவது கேட்டால் தேருக்கு வந்திருக்கிறாய், அவ்வளவுதான். 'தொடக்கூடாது' என்று எழுதின வரியை அடித்துவிட்டு மீதியைப் படித்துக்கொள். கத்தரியை உன் அக்கா எங்கேயோ ஒளித்துவிட்டாள்.